உஷார்! மாநில மலருக்குக் கிழங்கும் உண்டு

விளாங்குடியில் ஒரு டீக்கடை. பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவருக்குக் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. எதிரே நின்ற பையன் செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"தாத்தா, இதப் படிங்க. நம்ம செங்காந்தள்ல இருந்துதான் இந்த வாத மாத்திரையே எடுக்குறாங்களாம். மாத்திரை எதுக்கு? கிழங்கத் தோண்டி அரைச்சுக் குடிச்சிரலாம்ல?"

'உங்களுக்குத் தெரியுமா?' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே தீ நாக்கு மாதிரி அந்தப் பூவின் படம். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "கம்மாக்கரை வேலியில கெடக்குடா அது" என்றார். எனக்கு டீ தொண்டையில் இறங்கவில்லை.

ஏனென்றால் அந்தத் துணுக்கில் பொய் ஒரு வரிகூட இல்லை. செங்காந்தள் நம் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கும்போது முதலில் வைத்த பூ. அதன் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் கோல்ச்சிசின் என்ற பொருள்தான், பெருவிரலைப் பிடிக்கும் 'கௌட்' வாதத்துக்கு டாக்டர்கள் எழுதும் மாத்திரை. எல்லாம் நிஜம். அடுத்த வரியைத்தான் யாரும் போடுவதில்லை: அதே கிழங்கு ஆளைக் கொல்லும்.

அந்த மாத்திரை ஒன்றில் இருப்பது அரை மில்லிகிராம். அதையும் சிறுநீரகம் எப்படி இருக்கிறது, வேறென்ன மருந்து போகிறது என்று பார்த்துத்தான் தருவார்கள். குணமாக்கும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் நடுவே அவ்வளவு குறுகலான இடைவெளி. கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று அம்மிக்குத் தெரியுமா? உயிரணுக்கள் இரண்டாகப் பிரிவதையே இந்தப் பொருள் நிறுத்திவிடும். (விதையில்லாத தர்பூசணியை உருவாக்க, அதன் தாய்ச் செடிக்குக் குரோமோசோமை இரட்டிப்பாக்கப் பயன்படுத்துவதும் இதே கோல்ச்சிசின்தான்; வேண்டுமானால் இந்தத் துணுக்கை ஃபார்வர்டு செய்யுங்கள், யாருக்கும் கெடுதல் இல்லை.) நம் உடம்பில் வேகமாகப் பிரியும் அணுக்கள் குடலிலும் எலும்பு மஜ்ஜையிலும் மயிர்க்காலிலும் இருக்கின்றன. அடி முதலில் அங்கேதான் விழும். தின்றவுடன் ஒன்றும் தெரியாது, அதுதான் ஆபத்து. சில மணி நேரம் கழித்து வாந்தி, காலரா மாதிரி பேதி. பிறகு கொஞ்சம் தேறியதுபோல இருக்கும்போதே உறுப்புகள் ஒவ்வொன்றாகப் படுக்கும். பிழைத்தவர்களுக்குக்கூட ஒன்றிரண்டு வாரத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும்.

கற்பனையில்லை. 2022-ல் திருப்பத்தூர் மாவட்டத்தில், யூடியூபில் பார்த்ததை நம்பி இந்தக் கிழங்கைத் தின்றவர் உயிரோடு இல்லை. இலங்கையில் நியங்களா என்று சிங்களவர் சொல்லும் இதே கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்றவர்களும் உண்டு. நம் பக்கம் கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்பார்கள். கலப்பை மாதிரி இரண்டாகக் கவைத்திருக்கும், அதுதான் அடையாளம். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் இதை ஏக்கர் கணக்கில் பயிர் செய்து, காலையில் பூப் பூவாகக் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கும் விவசாயிகளைக் கேளுங்கள். விதையை மருந்து வியாபாரிக்கு விற்பார்கள். வீட்டு அடுப்படிக்குள் கொண்டு போக மாட்டார்கள்.

இது செங்காந்தளோடு நிற்கவில்லை. திண்டுக்கல் போகும் நாலுவழிச் சாலையில் நடுத்திட்டு முழுக்க என்ன பூத்திருக்கிறது? அரளி. தண்ணீர் கேட்காது, ஆடு மாடு கடிக்காது, அதனால் வைத்திருக்கிறார்கள். ஆடு ஏன் கடிக்கவில்லை என்று நாம் யோசிப்பதில்லை. (ஆடு தொடாததெல்லாம் விஷம் என்றும் கிளம்பிவிடாதீர்கள். ஆடாதோடை என்ற பேரே ஆடு தொடாததால் வந்தது. அது இருமலுக்கு மருந்து.) அரளியின் இலை, பூ, பட்டை, வேர், அத்தனையும் இதயத் துடிப்பைக் குலைக்கும். அரளி இலையை மென்றதால் ஓர் இளம்பெண் இறந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்ததும், 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவை நிறுத்தியது. சாமி கழுத்தில் கிடக்கட்டும், கும்பிடுங்கள். பிரசாத இலையில் ஒட்டி வந்த இதழைக் குழந்தை வாயில் போட விடாதீர்கள்.

குன்றிமணியைச் சொல்லாமல் விட முடியாது. தட்டான் தராசில் பொன்னுக்கு எடைக்கல்லாக இருந்த விதை. விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரின் இரண்டு கண்ணும் அதுதான். பிள்ளையாரைக் கரைத்த பிறகு அந்தக் கண்களைப் பொறுக்கி வைத்துக்கொள்வது எந்தப் பிள்ளை? நம் வீட்டுப் பிள்ளை. முழுசாக விழுங்கினால் ஓடு கெட்டியாக இருப்பதால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்தாலோ துளை போட்டு மாலை கோத்தாலோ உள்ளே இருக்கும் அப்ரின் வெளியே வரும். அதன் தம்பி ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசின். 1978-ல் லண்டன் வாட்டர்லூ பாலத்தில் ஜார்ஜி மார்க்கோவ் என்ற பல்கேரிய எழுத்தாளரின் தொடையில் குண்டூசித்தலை அளவு உருண்டையில் ஏற்றிக் கொன்றது அதைத்தான் என்பார்கள். விளக்கெண்ணெயில் அது இல்லை, புண்ணாக்கோடு தங்கிவிடுகிறது. அதனால்தான் அந்தப் புண்ணாக்கு வயலுக்குப் போகிறது.

கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், சித்தூர் மாவட்டத்தில் இரண்டு குடும்பங்கள் ஊமத்தங்காயை அரைத்துக் குடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தன. காய் முள்ளுமுள்ளாக வைரஸ் மாதிரி இருக்கிறதாம், அதனால் மருந்தாம். டிக்டாக்கில் வந்தது.

விளாங்குடி என்று ஊர்ப் பேரிலேயே விளாமரத்தை வைத்திருக்கிறோம். செடிகொடி தெரியாது என்று சொல்ல நமக்கு வழியில்லை.

டீக்கடைப் பெரியவரிடம் யூரிக் ஆசிட் பார்க்கச் சொன்னேன். "மாத்திரைக்குக் காசு ஆகுமேப்பா" என்றார். பெரியாஸ்பத்திரியில் காசில்லாமல் பார்ப்பார்கள் என்றதும் தலையாட்டினார். பையனிடம், அனுப்பிய ஆளுக்கே திருப்பி எழுதச் சொன்னேன்: "அண்ணே, கிழங்கு விஷம்."

யாராவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்கவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். எதைத் தின்றாரோ அந்த இலையோ விதையோ கிழங்கோ ஒரு துண்டைக் கையோடு கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். டில்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லாத எண் 1800 116 117. இப்போதே செல்போனில் பதிந்து வையுங்கள்.