கோயில்களுக்குக் கிடைத்த விருது செங்கல் நூலகத்துக்கும்!

மட்டாஞ்சேரி:

மட்டாஞ்சேரியில் பழமைக்குப் பஞ்சமில்லை. டச்சு அரண்மனை 1555-ல் எழுந்தது. ஜூ டவுனில் உள்ள யூதர் கோயில் 1568-ஐச் சேர்ந்தது. இவற்றின் நடுவே நடமாடுகிறவர்களுக்கு, போர்ட் கொச்சியில் நம்மவர் துணி வெளுக்கும் தோபிகானா நேற்றுக் கட்டியது போலத்தான். அது கட்டப்பட்டது 1976-ல். ஏறக்குறைய அந்த வயதுள்ள கட்டடத்தைக் காப்பாற்றியதற்கு விருது என்றால் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் கொடுத்திருக்கிறார்கள். யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுச் சின்னப் பாதுகாப்பு விருது 2015-ல் திருச்சூர் வடக்குநாதர் கோயிலுக்கும், 2017-ல் ஸ்ரீரங்கத்துக்கும் கிடைத்தது. 2019-ல் விருது பெற்றவற்றுள் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் விக்ரம் சாராபாய் நூலகமும் ஒன்று.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் 1962-ல் ஏற்றுக்கொண்ட வேலை அந்த வளாகம். பூச்சு இல்லாத வெறும் செங்கல். சுவர்களில் பிரம்மாண்டமான வட்டத் திறப்புகள். வெயில் நேராக உள்ளே விழாது, காற்று வரும். 1974 மார்ச்சில் இந்தியாவிலிருந்து திரும்பிய கான், நியூயார்க் பென்சில்வேனியா ரயில் நிலையத்தில் மாரடைப்பால் இறந்தார். வீட்டாருக்குத் தகவல் எட்ட இரண்டு நாள் ஆயிற்று. உலகப் புகழ் பெற்றவருக்கே பிரயாணத்தில் அந்தக் கதி!

காலப்போக்கில் கட்டடங்களில் நீர் கசிந்தது. செங்கல்லுக்குள் இருந்த கம்பி துருப்பிடித்துப் பருத்தது, செங்கல் வெடித்தது. 2001 பூகம்பமும் தன் பங்குக்குச் சேதம் செய்தது. உப்புக் காற்றில் தளம் பெயர்ந்து கம்பி தெரியும் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மும்பையைச் சேர்ந்த பிருந்தா சோமையாவின் குழுவினர், கெட்ட செங்கல்லை எடுத்துவிட்டு வேறு வைத்து, 2018-ல் நூலகத்தைச் சீராக்கி முடித்தனர்.

விருது வந்த மறு வருஷமே வேடிக்கை நடந்தது. அதே வளாகத்தில் உள்ள 18 மாணவர் விடுதிகளில் 14-ஐ இடிக்கப் போவதாக 2020 டிசம்பரில் நிர்வாகம் தெரிவித்தது. செங்கல் தரமில்லை, மாணவருக்கு ஆபத்து என்பது காரணம். பல நாட்டுக் கட்டடக் கலைஞர்களும் பழைய மாணவர்களும் கண்டனம் எழுப்பவே, 2021 ஜனவரி 1-ந் தேதி முடிவு வாபஸ் ஆயிற்று.

ஆபத்து என்பதை அலட்சியம் செய்ய முடியாது. தலைக்கு மேல் செங்கல் விழுமோ என்ற பயத்தில் யாரும் படுத்துத் தூங்க முடியாது. ஆனால் நூலகத்துக்குக் கைகூடிய மராமத்து விடுதிக்கு மட்டும் ஏன் கூடாது என்று கேட்டவர்களுக்கும் நியாயம் உண்டு.

2022 நவம்பரில் நிர்வாகம் மறுபடியும் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பழுது மிகுந்த சில கட்டடங்கள் இடிக்கப்பட்டு, வெளித்தோற்றம் மாறாமல் புதிதாகக் கட்டப்படும் என்பதே அது.