சாயாத போத்தல்

மின்சாரம் எட்டாதிருந்த இலங்கை வீடுகளில் இரவு வெளிச்சம் என்றால் குப்பி விளக்குத்தான். காலியான மருந்துப் போத்தலோ சோடாப் போத்தலோ கிடைத்தால் போதும். மூடியில் ஒரு துளை, துளையில் தகரக் குழாய், குழாய்க்குள் பழந்துணித் திரி, உள்ளே மண்ணெண்ணெய். காசு செலவில்லை. ஆனால் உயரமான அந்தப் போத்தல் பிள்ளையின் கால் பட்டாலே சாயும். சாய்ந்தால் உருளும். இறுக்கமில்லாத மூடி கழன்று எண்ணெய் கொட்டும். கொட்டியதைத் திரியே பற்றவைக்கும். பாயில் குந்தியிருந்து பாடம் படிக்கும் பிள்ளைக்கும், நைலான் உடுப்போடு பக்கத்தில் நிற்கும் தாய்க்கும் விலகி ஓட அவகாசம் இருக்காது.

தீக்காயத்தோடு வந்தவர்களைப் பார்த்து, "கவனமாக இருந்திருக்கலாமே" என்பதுதான் ஊர் வழக்கம். விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஆளைக் குறை சொல்லவில்லை; போத்தலைக் குறை சொன்னார். 1990களின் தொடக்கத்தில் அவர் வடிவமைத்த விளக்கு குள்ளமானது, தடித்த கண்ணாடியாலானது. எளிதில் சாயாது. சாய்ந்தாலும் உருளாதபடி இரு பக்கமும் தட்டையானது. திருகி மூடும் உலோக மூடி என்பதால் எண்ணெய் கொட்டாது. இலங்கை வீடுகளில் நன்கு தெரிந்த மார்மைட் போத்தலின் குட்டை உருவம்தான் அவருக்கு வழிகாட்டியது. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மலிவான இந்த விளக்கு இலட்சக்கணக்கில் வீடுகளுக்குப் போனது.

செல்வந்த நாடுகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் எரிந்தன. பிரிட்டனில் திறந்த கணப்படுப்பின் தீ, குளிர்காய வந்த பிள்ளைகளின் இரவுச் சட்டையில் பற்றியது. 1952இல் சூடேற்றிகளுக்குத் தடுப்புக்கம்பி கட்டாயமானது. 1964இல் பிள்ளைகளின் இரவுச் சட்டைத் துணிக்கும் விதி வந்தது. தாய்மார் திடீரென்று கவனசாலிகள் ஆகிவிடவில்லை. அடுப்பும் துணியும் மாறின, வீடும் மாறியது.

இன்று உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 180,000 பேர் தீக்காயங்களால் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிகப் பெரும்பாலோர் வறிய, நடுத்தர வருமான நாட்டவர். அந்நாடுகளில் பிள்ளைகள் இப்படி இறக்கும் வீதம் செல்வந்த நாடுகளைவிட ஏழு மடங்குக்கும் அதிகம். நெருப்பின் சூடு எங்கும் ஒன்றுதான். நிலத்தில் எரியும் அடுப்பும், ஒரே அறையில் சமையலும் படுக்கையும், தோல் ஒட்டுச் சிகிச்சை இல்லாத தூரத்து வைத்தியசாலையும்தான் இந்த ஏழு மடங்கை உண்டாக்குகின்றன.

இலங்கையில் 2010களின் பிற்பகுதிக்குள் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் போய்ச் சேர்ந்தது. குப்பி விளக்கு பரணுக்கு ஏறியது. ஆனால் இந்த மாற்றம் திரும்பி வராத பாதை அல்ல. 2021 இறுதியில் சமையல் எரிவாயுக் கலவையின் விகிதம் மாறியதை அடுத்து பல வீடுகளில் எரிவாயு அடுப்புகள் வெடித்தன. 2022இல் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு வற்றியபோது மின்வெட்டு ஒரு நாளில் 13 மணிநேரம் வரை நீண்டது. எரிவாயுவும் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கு நீண்ட வரிசை நின்றது. நகரத்து மாடிவீடுகளிலும் விறகு புகைந்தது. விளக்கேற்றிப் பழக்கமே இல்லாத தலைமுறை கையில் கிடைத்த போத்தலில் திரி போட்டது. பொருளாதார நெருக்கடி என்றால் டொலர் கணக்கு மட்டுமே பேசப்படுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பிள்ளையின் பாய்க்கருகே மீண்டும் நெருப்பு வந்ததும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

இப்போது சிறு பிள்ளைகளிடம் அதிகம் காண்பது வெந்நீரும் தேநீரும் கொட்டிய காயம். ஓடும் குளிர்ந்த நீரை உடனே 20 நிமிடம் விட்டால் காயத்தின் ஆழம் குறையும். பற்பசை பூசுவதால் எந்தப் பயனும் இல்லை. குழாய் நீர் முற்றத்தில் இருக்கும் வீட்டுக்கு இப்படி நீர் விடுவது எளிது. மலையகத்தில் தோட்டத் தொழிலாளர் வாழும் பல லயன் குடியிருப்புகளில் பல குடும்பங்களுக்கு ஒரே பொதுக் குழாய். அடுப்பை நிலத்திலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஏற்ற ஒரு சீமெந்து மேடைக்கும், வாசலில் ஒரு குழாய்க்கும் ஆகும் செலவு, ஒரு பிள்ளைக்குச் செய்யும் தோல் ஒட்டுச் சிகிச்சையின் செலவைவிட எவ்வளவோ குறைவு.