தரை தொடும் கணம்

திருவரங்கத்து இராசகோபுரம் பதின்மூன்று நிலைகளும் 236 அடி உயரமும் கொண்டது. அதன் உச்சிக்கு நிகரான உயரத்திலிருந்து சிறிய பயிற்சி விமானம் ஒன்று ஓடுபாதையை நோக்கி இறங்குவதாகக் கொள்வோம். நிமிடத்திற்கு 500 அடி வீதம் இறங்கினால், அது தரையைத் தொட அரை நிமிடம்கூட ஆகாது. விமானம் ஓட்டப் பழகும் மாணவரைப் பெரிதும் சோதிப்பது இந்த அரை நிமிடமே.

நிமிர்த்தும் நேரம்

தரைக்குச் சில அடிகள் இருக்கையில், விமானி விமானத்தின் முகப்பை மெல்ல உயர்த்துவார். இறங்கும் வேகம் தணிந்து, இறக்கைக்குக் கீழுள்ள இரு முதன்மைச் சக்கரங்கள் முதலில் தரையைத் தொடும். நிமிர்த்தத் தவறினால் விமானம் நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் தரையில் மோதும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், இறங்கும் வேகம் இரண்டு மடங்கானால் சக்கரக் கால்கள் தாங்கவேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிவிடும்.

உரிய நேரத்திற்கு முன்பே நிமிர்த்தினாலும் தீங்குதான். வேகம் குன்றி, இறக்கையின் ஏற்றுவிசை குறைந்து, விமானம் பொத்தென்று விழும். ஆடி மாதத்தில் திருச்சிராப்பள்ளிச் சமவெளியில் வீசுவது போன்ற வலிய காற்றை எதிர்த்து இறங்குகையில், அக்காற்று திடீரென ஓய்ந்தாலும் இதே நிலைதான்.

துள்ளலும் தீர்வும்

முதல் மோதலைவிட, அதனால் எழும் துள்ளலே பெரிதும் அஞ்சத்தக்கது. மேலே துள்ளிய விமானத்தைக் கீழே கொணரும் பதற்றத்தில், மாணவர் முகப்பைத் தாழ்த்திவிடுவார். அப்போது முன்சக்கரம் முதலில் மோதும். முதன்மைச் சக்கரங்களைப் போன்ற வலிமை அதற்கு இல்லை. துள்ளல் தொடருமானால் முன்கால் ஒடியும். சுழல்விசிறி தரையில் உராய்ந்து வளையும்.

துள்ளல் பெரிதாயின், இயந்திரத்திற்கு முழு விசை கொடுத்து மீண்டும் மேலெழுவதே தீர்வு. வானில் ஒரு சுற்று வந்து மறுபடியும் இறங்கலாம். இது தோல்வியன்று, நல்ல விமானிக்குரிய முடிவு.

மறைக்கலாகாத உண்மை

வன்மையாகத் தரையிறங்கிய விமானம் வெளிப்பார்வைக்குக் குறையின்றித் தோன்றலாம். உள்ளே தகடு வளைந்திருக்கலாம், கீறல் விழுந்திருக்கலாம். கண்ணுக்கும் கருவிக்கும் சேதம் எளிதில் புலப்படாது என்பதற்குத் திருச்சிராப்பள்ளியிலேயே சான்று உண்டு. 2018 அக்டோபர் 12ஆம் நாள் அதிகாலையில், 136 பேருடன் துபாய்க்குப் புறப்பட்ட பயணியர் விமானம் மேலெழும்போது விமான நிலையச் சுற்றுச்சுவரில் மோதியது. கருவிகள் யாவும் சீராக இயங்கியதால் பயணம் தொடர்ந்தது. பின்னர் மும்பைக்குத் திருப்பப்பட்டுப் பாதுகாப்பாக இறங்கிய பிறகே, அதன் அடிப்பகுதியில் ஏற்பட்ட சேதத்தின் அளவு தெரிந்தது.

ஆகவே, வன்மையான தரையிறக்கம் ஒவ்வொன்றும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். பொறியாளர் ஆய்ந்து இசைவளித்த பின்னரே அவ்விமானம் மீண்டும் பறக்க வேண்டும். கண்டிப்புக்கு அஞ்சி ஒரு மாணவர் மறைக்கும் பிழைக்கு, அடுத்து அதே இருக்கையில் அமரும் மாணவர் தம் உயிரையே விலையாகத் தர நேரிடலாம். விமானத்தை மென்மையாக இறக்கும் திறன் பயிற்சியால் வரும். நேர்ந்த பிழையை மறைக்காமல் கூறும் நேர்மை முதல் நாளிலிருந்தே வேண்டும்.