வார்டு வீட்டிற்கு வந்தபோது

பக்கவாதத்திற்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய ஓர் அம்மையாரைக் காண, எங்கள் இல்லப் பராமரிப்புக் குழுவினர் சென்றிருந்தோம். அறை முழுவதும் தேக்கு மரச் சாமான்கள். அவருடைய தாயார் காலத்து அலமாரி, நிலைக்கண்ணாடி. நடுவே, பழைய பொருள் கடையில் வாங்கிய வெள்ளை இரும்புக் கட்டில். அம்மையார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். “வீட்டுக்கு வந்தாச்சுன்னு சொல்றீங்க, வார்டு கூடவே வந்திருக்கே” என்றார்.

அலமாரியின் நிறத்திலேயே கட்டிலுக்கும் வண்ணம் பூசிவிட அவருடைய மகன் முடிவு செய்து, எங்களிடம் யோசனை கேட்டார்.

முதலில் நாங்கள் கேட்டது, கட்டிலின் வயதை. வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டலாகாது என்னும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் மிகுந்திருக்கலாம். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அத்தூள் வீடெங்கும் பரவும். சிறு குழந்தைகளுக்கு அது நஞ்சு. ஆகவே கட்டிலைக் கழற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், வாட்டர் பேப்பரை நீரில் நனைத்துத் தேய்க்கச் சொன்னோம். கழிவை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தார்கள். பளபளப்புப் போகும்வரை தேய்க்காவிடில் புதிய பூச்சு பிடிக்காது. துருப்பிடித்த இடங்களில் ரெட் ஆக்சைடு பிரைமர். அது காய்ந்தபின், ஓர் இரவு இடைவெளி விட்டு இருமுறை எனாமல். நிறம் பொருந்த, அலமாரியின் இழுப்பறையையே கடைக்கு எடுத்துச் சென்றாராம்!

ஒன்றை மட்டும் வற்புறுத்தினோம். அம்மையாருக்கு இடப்பக்கப் பார்வை குன்றியிருந்தது. தடுப்புக் கம்பியும் அடர் பழுப்பானால் இரவில் கைக்குத் தட்டுப்படுமேயன்றிக் கண்ணுக்குத் தெரியாது. எனவே கம்பியின் மேற்பகுதிக்கு மட்டும் தந்த நிறம். அலமாரியின் குமிழ்களும் அந்நிறமே ஆதலால் அதுவும் பொருந்திற்று.

தொட்டால் ஒட்டவில்லை என்பதாலேயே பெயிண்ட் முழுதும் உலர்ந்ததாகக் கொள்ளலாகாது. ஒரு வாரமேனும் காற்றாட வைத்து, வாடை அறவே நீங்கியபின் அறைக்குள் கொணர்வது நன்று. ஆஸ்துமா உள்ளவர்க்கு அவ்வாடை மூச்சை இறுக்கும். ஆக்சிஜன் வைத்திருக்கும் அறைக்கருகே பெயிண்ட், தின்னர் இரண்டும் கூடவே கூடா. தீப்பற்றும் அபாயம் உண்டு. அந்த ஒரு வாரம் நோயாளி எதில் படுப்பார் என்பதை எவரும் நினைப்பதில்லை. இவ்வீட்டிலும் அப்படியே, தேக்குக் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்வு அமைத்துக்கொடுக்க எங்கள் செவிலியர் போக வேண்டியதாயிற்று. நோயாளி மருத்துவமனையில் இருக்கும்போதே இவ்வேலையை முடித்துவிடுவது உத்தமம்.

எங்கள் பிழையும் ஒன்று உண்டு. தலைப்பகுதியை ஏற்றி இறக்கும் திருகின் மரைகளில் பெயிண்ட் படாதபடி டேப் ஒட்டச் சொல்ல மறந்தோம். முதல் இரவு தலைப்பகுதி ஏறியது, இறங்க மறுத்தது. விடியும்வரை அம்மையார் பாதி உட்கார்ந்த நிலையிலேயே இருந்தார். “வார்டிலேன்னா இறக்கிவிட நர்ஸாவது வருவாங்க” என்றாராம். மறுநாள் தின்னரால் துடைத்து, கிரீஸ் தடவிச் சரிசெய்தார்கள். அதையும் கட்டிலை வெளியே கொண்டுபோய்த்தான்.

அண்மையில் சென்றபோது அவர் அலமாரியைப் பார்த்தபடி படுத்திருந்தார். கட்டில் ஒரு சாயல் கூடுதல் கறுப்பு என்று குறைப்பட்டுக்கொண்டார். மகன் மறுத்தார். எங்களுக்கும் அம்மையார் சொல்வதே சரியென்று பட்டது.