உங்களுக்குத் தெரியுமா? இ.சி.ஆர். ஓரத்தில் உடையும் அணுக்கரு

திருவான்மியூரில் தொடங்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 60 கி.மீ. போனால் கல்பாக்கம். மாமல்லபுரத்தோடு வண்டியைத் திருப்பிவிடுகிறவர்களுக்காக, அதற்கு அப்பால் நடக்கும் சங்கதிகள் சில.

● இந்தியா தன் முயற்சியிலேயே கட்டிய முதல் அணுமின் நிலையம் கல்பாக்கத்தில்தான் இருக்கிறது. தாராப்பூருக்கு அமெரிக்காவும் ராஜஸ்தானுக்குக் கனடாவும் கைகொடுத்தன. கல்பாக்கத்தின் முதல் உலை 1983 ஜூலையிலும் இரண்டாவது 1985-லும் உயிர்பெற்றன.

● யுரேனியத்தின் கருவுக்குள் 92 புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளியபடியே அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது அணுக்கரு விசை. அதன் பிடி பலமானது, ஆனால் எட்டும் தூரம் மிகக் குறைவு. ஒரு நியூட்ரான் உள்ளே நுழைந்தால் கரு நீள்கிறது, நடுவில் சிறுக்கிறது, இரண்டாகப் பிய்கிறது. பிடி விட்டதும் இரு துண்டுகளும் நொடிக்குச் சுமார் 10,000 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே பாய்கின்றன.

● இவ்வளவு வேகமிருந்தும் அவை கடக்கும் தூரம் ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை! எரிபொருளுக்குள்ளேயே பக்கத்து அணுக்களில் மோதி நின்றுவிடுகின்றன. அந்த மோதல்தான் வெப்பம். மற்றபடி அனல்மின் நிலையத்தில் நடப்பதேதான் இங்கும்: நீராவி, டர்பைன், மின்சாரம்.

● 1938 டிசம்பரில் பெர்லினில் ஆட்டோ ஹானும் ஃப்ரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கினார்கள், கிடைத்ததோ பேரியம்! புதிரை அவிழ்த்தவர்கள் நாஜிகளிடமிருந்து தப்பி ஸ்வீடனில் இருந்த லிசே மைட்னரும் அவருடைய அக்கா மகன் ஆட்டோ ஃப்ரிஷும். கரு உடையும்போது அதன் நிறையில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு குறைகிறது, அதுவே ஆற்றலாகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பிளவுக்கு 20 கோடி எலக்ட்ரான் வோல்ட்!

● உங்கள் வீட்டு 10 வாட் எல்.இ.டி. பல்பு கல்பாக்கத்து மின்சாரத்தில் மட்டுமே எரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக நொடிக்குச் சுமார் ஒரு லட்சம் கோடி கருக்கள் உடைய வேண்டும். ஆனாலும் இரவு பகலாக ஓராண்டு எரித்தால் தீர்ந்துபோகும் யுரேனியம்-235 ஏறத்தாழ 12 மில்லிகிராம்தான்.

● பிளவில் பிறக்கும் நியூட்ரானின் வேகம் நொடிக்குச் சுமார் 20,000 கி.மீ. அடுத்த கருவை எளிதில் உடைக்க வேண்டுமானால் அது சில கி.மீ. அளவுக்கு மட்டுப்பட வேண்டும். கல்பாக்கம் மின் நிலையத்தில் அந்த வேலையைச் செய்வது கனநீர். சாதாரணத் தண்ணீரைப் போல அது நியூட்ரான்களை விழுங்கிவிடாது. அதனால்தான் வெறும் 0.7 சதவீதம் யுரேனியம்-235 உள்ள இயற்கை யுரேனியமே அங்கே எரிபொருளாகப் போதுமானதாக இருக்கிறது.

● உலையை நிறுத்தினாலும் சூடு நிற்பதில்லை. உடைந்த துண்டுகள் கதிர்வீசிக்கொண்டே இருப்பதால், நிறுத்திய கணத்தில் சுமார் 6 சதவீத வெப்பம் மிஞ்சும். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி நீர் கல்பாக்கத்தின் பம்ப் அறைக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையை நிறுத்தியதோடு வேலை முடியவில்லை; குளிரூட்டலும் தடைபடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

● மெதுவான நியூட்ரான் பட்டாலே உடைந்து எரிபொருளாகும் முக்கியக் கருக்கள் மூன்று: யுரேனியம்-235, புளூட்டோனியம்-239, யுரேனியம்-233. முதலாவது மட்டுமே பூமியில் தோண்டிக் கிடைக்கும். மற்ற இரண்டையும் உலைகளில்தான் உண்டாக்க வேண்டும். மூன்றையும் உடைத்துப் பார்த்த ஊர் கல்பாக்கம். மின் நிலையத்தில் 235. திரவ சோடியத்தால் குளிர்விக்கப்பட்டு 1985 முதல் இயங்கும் சோதனை வேக ஈனுலையில் புளூட்டோனியம். 1996-இல் தொடங்கிய 30 கிலோவாட் 'காமினி' உலையில் 233.

● அந்த 233 தோரியத்திலிருந்து பிறப்பது. தோரியம் எங்கே கிடைக்கும்? கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில்!