நொய்யல்ல எங்கே குழி வெட்டினா தண்ணி இறங்கும்?

கோவைப் பக்கம் 1,000 அடி போர் போட்டும் புகைதான் வருதுனு புலம்புறதைக் கேட்டிருப்பீங்க. காரணம், நொய்யல் படுகையின் அடியில் பெரும்பாலும் கடினப் பாறை. அதன் வெடிப்புகளிலும், மேலே சிதைந்து உதிர்ந்த பகுதியிலும்தான் தண்ணீர் தங்கும். கண்ட இடத்தில் குழி வெட்டினால் மழைநீர் இறங்காது.

சரி, இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? செயற்கைக்கோள் படத்தில் பெரிய வெடிப்புகள் நீளக் கோடுகளாகத் தெரியும். அதோடு மண், சரிவு, ஓடை, மழையளவு வரைபடங்களைக் கணினியில் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி மார்க் போடுவாங்க. சமதளம், மணல் கலந்த மண், பக்கத்தில் வெடிப்பு இருந்தா மார்க் ஏறும். செங்குத்துச் சரிவு, களிமண்ணுக்குக் குறையும்.

ஆனா, மார்க் மட்டும் போதாது. 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர் சாயக்கழிவு தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளே கெட்டுப்போச்சு. தண்ணி இறங்குற வழியிலதான் விஷமும் இறங்கும். அதனால, எங்கே இறக்கக் கூடாதுங்கிறதையும் வரைபடத்தில் குறிக்கணும்.

இஸ்ரோவின் 'புவன்' தளத்தில் நிலத்தடி நீர் வரைபடங்களை மொபைல்லயே பார்க்கலாம். அது ஊர் அளவுக்குத்தான் வழிகாட்டும். உங்க தோட்டத்து மூலைக்கு, மண்ணைத் தோண்டித்தான் பார்க்கணும்!