பத்து வருஷத்துக்கு முந்தைய கரன்ட் பில் இப்போ வந்தா கட்டணுமா?

அப்பா என்.எல்.சி.யில் ரிட்டயர் ஆகி, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டார். வடக்குத்து பக்கமோ இந்திரா நகரிலோ யாரோ வாழ்ந்துவிட்டுப் போன பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடியேறியிருக்கிறார். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலையில். ஒருநாள் அப்பாவிடமிருந்து போன்: "ஈ.பி. ஆபீஸ்ல இருந்து லெட்டர் வந்திருக்கு. பழைய பாக்கி நாற்பதாயிரமாம். கட்டலைன்னா ஃபியூஸைப் பிடுங்கிடுவாங்களாம்."

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் நெய்வேலியில் இந்தக் கதை நடக்க ஒரு தனிக் காரணம் இருக்கிறது. டவுன்ஷிப்புக்குள் மின்சாரமும் குடிநீரும் நிறுவனத்தின் நகர நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் விஷயங்கள். முப்பது வருஷம் வட்டத்துக்குள்ளேயே வாழ்ந்தவருக்கு ஈ.பி. ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுகூடத் தெரியாமல் இருக்கலாம். ஆர்ச் கேட்டைத் தாண்டி வெளியே வந்தால் கணக்கு தமிழ்நாடு மின்பகிர்மானக் கழகத்தோடு. அதாவது பழைய 'டான்ஜெட்கோ', அதற்கும் முன்னால் மின்வாரியம். பெயர் எத்தனை முறை மாறினாலும் நாம் சொல்வது ஈ.பி.தான்.

முதலில், லெட்டர் உண்மையா?

"இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று வரும் மெசேஜ் மோசடி. 2022 வாக்கில் நாடு முழுக்கப் பரவிய இந்த வலை இன்னும் ஓயவில்லை. அழைத்தால் ஓர் ஆப்பை இறக்கச் சொல்வார்கள், பத்து ரூபாய் கட்டிப் பார்க்கச் சொல்வார்கள், அதற்குள் வங்கிக் கணக்கு காலியாகிவிடும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும். சந்தேகம் என்றால் மின்னகம் எண் 94987 94987-ல் மின் இணைப்பு எண்ணைச் சொல்லி உண்மையிலேயே பாக்கி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம்.

சட்டப்படியே இன்றிரவு கதை எடுபடாது. மின்சாரச் சட்டம் 2003-ன் 56(1) பிரிவு, பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கும் முன் எழுத்துப்பூர்வமாக முழுசாக 15 நாள் அவகாசம் தரச் சொல்கிறது.

வசூல் ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு யாராவது போன் செய்தாலும் அதே சந்தேகம் வேண்டும். நம்ம ஊரில் கரன்ட் பாக்கிக்கு வழக்கமாக வீடு தேடி வருபவர் கணக்கீட்டாளரோ லைன்மேனோதான். வங்கிக் கடன் வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொன்னது கடன்களுக்கானது, கரன்ட் பில்லுக்கு இல்லை. ஆனால் பில்லை கிரெடிட் கார்டில் கட்டிவிட்டு கார்டுக்குக் கட்டாமல் விட்டால் அது வங்கிக் கடன்தான்.

லண்டன் தமிழர்களுக்கு நிலைமை வேறு. அங்கே வசூல் நிறுவனம் பழைய எரிசக்தி பில்லுக்குத் துரத்துவது சகஜம். ஆனால் சப்ளையர் தன் தவறால் பில் போடாமல் விட்டிருந்தால், 12 மாதத்துக்கு மேல் பின்னோக்கிப் போய் வீட்டுக்காரரிடம் வசூலிக்க முடியாது என்று 2018 மே மாதத்திலேயே அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. நம்ம சட்டம் அந்த அளவுக்குத் தெளிவாக இல்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

'ரெண்டு வருஷம் தாண்டிட்டா கட்ட வேணாம்' — பாதி உண்மை

வாட்ஸ்அப் சட்ட நிபுணர்கள் அடிக்கடி எடுத்துவிடுவது 56(2) பிரிவு. ஒரு தொகை முதன்முதலில் செலுத்த வேண்டியதாகி இரண்டு வருஷம் கடந்துவிட்டால் அதை வசூலிக்க முடியாது, இணைப்பையும் துண்டிக்கக் கூடாது என்று அது சொல்வது உண்மை. கூடவே ஒரு விதிவிலக்கும் இருக்கிறது: அந்தத் தொகை தொடர்ந்து நிலுவையாகக் காட்டப்பட்டு வந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆக, கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்தப் பாக்கி இத்தனை வருஷமும் ஒவ்வொரு பில்லிலும் காட்டப்பட்டதா?" வீட்டுப் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வருஷத்துக்கு ஆறு கணக்கீடு. பழைய வெள்ளை அட்டை, ஆன்லைனில் இருக்கும் கட்டண வரலாறு, பணம் கட்டிய ரசீது ஆகியவற்றில் நிலுவை என்ற வரியே இல்லாமல், அந்தந்த மாதத் தொகை மட்டும் கேட்கப்பட்டு அது கட்டப்பட்டும் இருந்தால், உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது.

இரண்டாவது கேள்விதான் பலரைக் கவிழ்ப்பது. 'முதன்முதலில் செலுத்த வேண்டியதான' நாள் எது? கரன்ட்டைப் பயன்படுத்திய நாளா, பில் போட்ட நாளா?

ராஜஸ்தானில் அஜ்மீர் மின் பகிர்மான நிறுவனம் ஒரு நுகர்வோருக்கு 2009 ஜூலை முதல் 2011 செப்டம்பர் வரை தவறான கட்டண வகையில் பில் போட்டுவந்தது. தணிக்கையில் அது தெரியவர, 2014 மார்ச்சில் 29,204 ரூபாய் கூடுதலாகக் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2020 பிப்ரவரி 18-ல் தீர்ப்பு வந்தது. பில் போட்ட பிறகுதான் தொகை செலுத்த வேண்டியதாகிறது என்றது கோர்ட். நேர்மையான தவறு என்றால் இரண்டு வருஷத்துக்குப் பிறகும் கூடுதல் பில் அனுப்பலாம். ஆனால் அந்தப் பழைய பாக்கியைக் காட்டி இணைப்பைத் துண்டிக்க முடியாது. சட்டத்தில் உள்ள மற்ற வழிகளில் வசூலிக்கப் பார்க்கலாம்.

இருபத்தொன்பதாயிரத்துக்காக உச்ச நீதிமன்றம் வரைக்குமா என்று தோன்றும். அந்த ஒரு பில்லை வைத்துத்தான் இன்று நாடு முழுக்க இந்த விவாதமே நடக்கிறது.

அடுத்த வருஷமே காற்று சற்றுத் திரும்பியது. ஹரியானாவில் பிரேம் காட்டெக்ஸ் என்ற நிறுவனத்துக்கு மீட்டர் பெருக்கற்காரணி 10 என்று போடுவதற்குப் பதில் 5 என்று போட்டுக் கணக்கிட்டிருந்தார்கள். மூன்று வருஷத்துக்கும் மேல் பாதித் தொகைதான் வசூல். பிறகு சுமார் 1.35 கோடி ரூபாய்க்கு நோட்டீஸ். விட்டுப்போனதைப் பின்னால் கேட்பது சேவைக் குறைபாடு ஆகாது என்று 2021 அக்டோபர் 5-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால் ஈஸியா ஜெயிச்சிடலாம் என்று நினைப்பவர்கள் இந்தத் தீர்ப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் படுவது இதுதான். ஒழுங்காகப் பில் போட்டு, நீங்கள் கட்டாமல் விட்டு, அதை அவர்களும் பில்லில் காட்டாமல் மறந்துபோன பாக்கியென்றால் இரண்டு வருஷ வாதம் வேலை செய்யும். பில்லே போடாமல் விட்டுத் தணிக்கையில் கண்டுபிடித்த தொகையென்றால் அந்த வாதத்தை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. அங்கே சண்டை போட வேண்டியது கணக்கோடு.

வீட்டோட பாக்கியும் சேர்ந்தே வருமா?

முந்தைய ஓனர் விட்டுப்போனதை நான் ஏன் கட்டணும் என்று அப்பா கேட்பது நியாயம். சட்டம் அவ்வளவு இரக்கம் காட்டவில்லை. கேரள மின்வாரியத்துக்கு எதிரான கே.சி. நினான் வழக்கில், 2023 மே 19-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை முடித்துவைத்தது. மின் நிறுவனத்தின் விதிகளில் அதற்கு இடமிருந்தால், ஒரு கட்டடத்தின் பழைய பாக்கியைப் புது ஓனரிடம் கேட்கலாம், கட்டாவிட்டால் இணைப்பு தர மறுக்கலாம். பாக்கிக்காக வழக்குப் போடும் உரிமையும் துண்டிக்கும் உரிமையும் வெவ்வேறு என்றும் அதில் சொல்லப்பட்டது.

பழைய வீடு வாங்கும்போது வில்லங்கச் சான்றைப் பார்க்கிறோம், வீட்டு வரி ரசீதைப் பார்க்கிறோம். மின் இணைப்பு எண்ணைப் போட்டு நிலுவை பார்க்க அஞ்சு நிமிஷம்கூட ஆகாது, அதைத்தான் விட்டுவிடுகிறோம். அதே மனையில் முன்பு துண்டிக்கப்பட்ட வேறு இணைப்பு ஏதாவது இருந்ததா என்பதையும் விற்பவரிடம் கேளுங்கள். கிரயப் பத்திரத்திலேயே 'கிரயத் தேதி வரையிலான மின் பாக்கி விற்பவர் பொறுப்பு' என்று ஒரு வரி எழுதிக்கொண்டால், ஈ.பி.யைத் தடுக்க முடியாவிட்டாலும் கட்டிய பணத்தை விற்றவரிடம் கேட்கப் பிடிமானம் கிடைக்கும்.

கணக்கைக் கேளுங்க

லெட்டரில் பெரும்பாலும் ஒரு மொத்தத் தொகைதான் இருக்கும். அது எப்படி வந்தது என்று கேட்பது உங்கள் உரிமை. பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னது எங்கேயும் நிற்காது. கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"மேற்படி இணைப்புக்கு ரூ. ........ நிலுவை எனக் கோரும் தங்கள் கடிதம் கிடைத்தது. இத்தொகை எந்தக் காலத்துக்கு உரியது, அக்கால மீட்டர் அளவீடுகள், பயன்படுத்தப்பட்ட கட்டண வீதம், தாமதக் கட்டணம், கழிக்கப்பட்ட வைப்புத் தொகை ஆகியவற்றின் விவரத்தையும், தணிக்கைக் குறிப்பு இருப்பின் அதன் நகலையும் வழங்கக் கோருகிறேன். தொகையை நான் ஏற்கவில்லை. தகராறு தீரும்வரை துண்டிப்பு நடவடிக்கை எடுக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்."

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு அதையே கேட்கலாம்.

கணக்கு கைக்கு வந்ததும் பார்க்க வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன. மீட்டர் ஓடாத காலம் என்று சொன்னால், தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பு முந்தைய நான்கு மாத சராசரியை எடுக்கச் சொல்கிறது. மனம்போனபடி ஒரு எண்ணைப் போட முடியாது. வீடு பூட்டிக் கிடந்ததால் பல மாத யூனிட்டை மொத்தமாக ஒரே பில்லில் சேர்த்தார்களா என்று பாருங்கள். யூனிட் கூடக்கூட விலையும் ஏறும் ஸ்லாப் முறையில், ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் உரிய 100 இலவச யூனிட்டைக் கழித்துப் பிரிக்காமல் போட்டால் தொகை எகிறிவிடும். இறந்துபோன தாத்தா பெயரில் எப்போதோ துண்டிக்கப்பட்ட இணைப்பு என்றால், இணைப்பு வாங்கியபோது கட்டிய டெபாசிட் எங்கே போனது என்று கண்டிப்பாகக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நோட்டீஸில் பிரிவு 126 (அனுமதியற்ற பயன்பாடு) அல்லது 135 (மின் திருட்டு) என்று இருந்தால் மேலே சொன்ன பாதை பொருந்தாது. 126-ல் இறுதி ஆணை வந்தால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான், அதற்கும் பாதித் தொகையைக் கட்ட வேண்டும். அங்கே வக்கீலைப் பார்ப்பதே மேல்.

ஃபியூஸ் கேரியரைக் காப்பாற்ற ஒரு வழி

வழக்கு எத்தனை மாதம் போகும் என்று தெரியாது, அதுவரை அப்பா அம்மா இருட்டில் உட்கார முடியாது. இதற்கும் 56(1) பிரிவிலேயே விடை இருக்கிறது, ஏனோ யாரும் சொல்வதில்லை. கேட்கப்பட்ட தொகையையோ, கடந்த ஆறு மாதம் கட்டிய கட்டணத்தின் சராசரிப்படி கணக்கிட்ட தொகையையோ, இரண்டில் எது குறைவோ அதை 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது. நாற்பதாயிரம் கேட்டிருந்தாலும் சராசரிக் கணக்கு அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தச் சின்னத் தொகையே போதும். இடையில் வரும் வழக்கமான பில்லை மட்டும் ஒருமுறைகூடத் தவற விடாதீர்கள். அதைக் காரணம் காட்டிப் பிடுங்கிட்டா வாதாட ஒன்றும் இருக்காது.

தொகை சரிதான் என்று தெரிந்தால் தவணை கேட்கலாம். இதில் கூச்சமே வேண்டாம். நெய்வேலி அனல் மின்சாரத்தை வாங்கும் மாநில வாரியமே உற்பத்தி நிறுவனங்களுக்குப் பாக்கி வைத்த கதை ஊரறிந்தது. 2022 ஆகஸ்டில் பாக்கிக்காக மின் சந்தையில் வாங்க விற்கத் தடை விதிக்கப்பட்ட 13 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அந்த வருஷம் ஜூனில் வந்த மத்திய விதி, வாரியங்கள் பழைய பாக்கியை 48 மாதத் தவணை வரை பிரித்துக் கட்ட வழி செய்தது. வாரியத்துக்கு நாலு வருஷம் என்றால் ஓய்வூதியர் ஒருவர் நாலு மாசம் கேட்பதில் என்ன தப்பு?

மேலே எங்கே போவது?

பிரிவு அலுவலகத்தில் முடியாவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்துக்கும் ஒன்று உண்டு. நெய்வேலி சுற்றுவட்டாரத்துக்குக் கடலூர். வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். அங்கே கிடைத்த ஆணையில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் சென்னை கிண்டியில் உள்ள மின்சாரக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. முறையீட்டில் கோபத்தைவிடத் தேதிகள் பேசட்டும்: எந்தப் பில், எப்போது கட்டியது, நிலுவை முதன்முதலில் எப்போது காட்டப்பட்டது. இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் வரிசையாக எழுதி, ரசீதுகளின் நகலைப் பின்னால் இணையுங்கள்.

குவார்ட்டர்ஸிலேயே இன்னும் இருப்பவர்களுக்கு: சாவியை ஒப்படைக்கும் அன்றே கடைசி மீட்டர் அளவீட்டை போட்டோ எடுத்து, அதே எண்ணை எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். 'நோ டியூஸ்' சான்றின் நகலை மொபைலில் மட்டும் வைத்திருக்காமல், ஓய்வூதியக் காகிதங்கள் இருக்கும் அதே ஃபைலில் ஒன்று போட்டுவையுங்கள்.